பலகையும் காற்றும்

சாலையோரத்தில் ஒரு வணிக வளாகம் தன் விளம்பரப் பலகையை எங்கே நடலாம் என்னும் கேள்வி, உள்ளாட்சிக் கூட்டத்தில் அற்பமாகத் தோன்றக்கூடும். அதன் வரலாறு அற்பமானதன்று.

1959இல் சென்னை மாநிலம் இயற்றிய சட்டம் பொது இடங்கள் அலங்கோலமாவதைத் தடுக்க வந்தது. அதன் கவலை கண்ணைப் பற்றியது. 1997இல் தில்லி வழக்கொன்றில், வாகன ஓட்டிகளின் கவனத்தைக் கலைத்து ஆபத்து விளைவிக்கும் பலகைகளை அகற்ற உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. கவலை கண்ணிலிருந்து கவனத்துக்கு நகர்ந்தது. விளம்பர நிறுவனங்கள் எதிர்த்த தமிழகக் கட்டுப்பாடுகளையும் 2008இல் அந்நீதிமன்றம் நிலைநிறுத்தியது.

பின்னர் உயிரே விலையாயிற்று. 2019 செப்டம்பரில் பள்ளிக்கரணையில் திருமணப் பதாகையொன்று சரிந்து விழ, இருசக்கர வாகனத்தில் சென்ற இளம்பெண் லாரியில் சிக்கி இறந்தார். 2024 மே மாதம் மும்பை காட்கோபரில் புழுதிக்காற்றில் சாய்ந்த பலகை 17 பேரைப் பலிகொண்டது. மாநகராட்சி அனுமதிக்கும் உச்ச அளவு 40க்கு 40 அடி. அங்கே நின்றதோ 120க்கு 120. நிலம் ரயில்வே காவல்துறையின் வசம் இருந்தது. தன் அனுமதி பெறப்படவில்லை என்றது மாநகராட்சி. விதி இருந்தது, அதை நிறைவேற்றும் பொறுப்புத்தான் இரண்டு அலுவலகங்களுக்கு நடுவே தொலைந்துபோனது.

மரக்காணம் உப்பளங்களிலிருந்து குயிலாப்பாளையம் வரையிலான இக்கரை 2011இல் தானே புயலையும் 2024இல் ஃபெஞ்சல் புயலையும் கண்டது. இங்கு ஒரு பலகைக்கு இடம் கேட்டு வருவோரிடம் மன்றம் முதலில் கேட்கவேண்டியது, அது எத்தனை தொலைவுக்குத் தெரியும் என்பதையன்று, எந்தக் காற்றைத் தாங்கும், விழுந்தால் யார் பொறுப்பு என்பதையே.