குதிரை ஏறிய குருவும் கிராமத்து வேதியரும்



யூபிலி மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டுமென மலர்க் குழுவினர் கேட்டபொழுது, நம் பிள்ளைகள் பாடப் புத்தகத்தில் பெயரளவில் அறிந்திருக்கும் வீரமாமுனிவரைப் பற்றி எழுதத் துணிந்தேன். அவர் நமது கொங்கு நாட்டில் பணியாற்றியவரல்லர். நமக்கு அண்மையிலுள்ள கருமத்தம்பட்டி அந்நாளில் மைசூர் மிஷனைச் சார்ந்திருந்தது. அவரோ மதுரை மிஷன் குருவானவர். ஆயினும் நம் ஊர்களில் செபம் சொல்லிக் கொடுத்த உபதேசியார்களை நினைக்கும் எவரும் அவரை மறந்துவிட்டு மேலே செல்ல முடியாது.

கான்ஸ்டான்ஸோ ஜோசப் பெஸ்கி என்பது அவரது இயற்பெயர். 1680 நவம்பர் 8-ம் நாள், இத்தாலியில் புனித ஞானப்பிரகாசியார் பிறந்த அதே காஸ்திகிலியோனே ஊரில் பிறந்தார். சேசு சபைக் குருவாகி 1710-ல் கோவா வந்திறங்கினார். பின்னர் தமிழகம் வந்து, கொள்ளிடத்துக்கு வடகரையிலுள்ள ஏலாக்குறிச்சியில் நெடுங்காலம் தங்கினார்.

அவர் மறைந்து எழுபத்தைந்து ஆண்டு சென்றபின், 1822-ல் முத்துசாமிப் பிள்ளை அவரது சரித்திரத்தை எழுதினார். அதில் வரும் முனிவரைப் பார்த்தால் கண் கூசும்! பல்லக்கு, புலித்தோல் ஆசனம், குதிரை, பரிவாரம். திருச்சியை 1736-ல் கைப்பற்றிய சந்தா சாகிபு அவருக்குத் திவான் பதவி தந்தார் என்றும், அவர் குதிரை வீரர் சூழப் பவனி வந்தார் என்றும் வழிவழியாகச் சொல்வார்கள். பின்வந்த ஆய்வாளர் பலர் திவான் கதையை ஐயுற்றனர். எனக்கும் அதில் நம்பிக்கை இல்லை. ஆனால் குதிரையைப் பற்றி வியக்க என்ன இருக்கிறது? தார் ரோடும் பஸ்ஸும் இல்லாத நாளில், ஊர் ஊராகச் சிதறிக் கிடந்த கிறிஸ்தவர்களை ஒரு குரு எட்டிப் பார்ப்பதென்றால் கால்நடை, பல்லக்கு, குதிரை இவற்றில் ஒன்றுதான் வழி.

குதிரையேறும் குருவைப் பார்த்து முதலில் சிரித்தவரும் அவரே. "பரமார்த்த குருவின் கதை" அவர் எழுதியதுதான். மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்ற ஐந்து சீடர்கள் பூசணிக்காயைக் குதிரை முட்டையென்று நம்பி வாங்குகிறார்கள். பிறகு ஒரு கிழட்டு நொண்டிக் குதிரை வந்து சேருகிறது. கீழே விழுந்தால் எதையெதை எடுக்க வேண்டும் என்று குரு பட்டியல் எழுதித் தருகிறார். ஒரு நாள் குருவே விழுந்துவிடுகிறார். பட்டியலில் குருவின் பெயர் இல்லையே என்று சீடர்கள் தூக்க மறுக்கிறார்கள்! கிடந்த கிடையில் அவர் அதையும் எழுதிக் கொடுக்க வேண்டியதாயிற்று. இக்கதை 1822-ல் லண்டனில் அச்சேறியது. ஒரு குருவானவர் குருக்களைக் கேலி செய்து எழுதியதை எங்களைப் போன்றவர்கள் அடிக்கடி படிப்பது நல்லது.

இனி ஆசிரியரைப் பார்ப்போம். "எ", "ஏ" இரண்டையும், "கெ", "கே" இரண்டையும் கண்ணால் பிரித்தறிய முடியாதபடி ஓலையில் எழுதிவந்த காலம் அது. புள்ளியிட்டால் குறில், ஓலை பொத்துவிடும் என்று புள்ளியை விட்டுவிட்டால் இடம் பார்த்துத்தான் படிக்க வேண்டும். நெடிலுக்குச் சுழித்த கொம்பைத் தந்தவர் வீரமாமுனிவர் என்பது தமிழறிஞர் கொள்கை. 1732-ல் சதுரகராதியைத் தொகுத்தார். பேச்சுத் தமிழுக்கு லத்தீனில் அவர் எழுதிய இலக்கணம் 1738-ல் தரங்கம்பாடியில் அச்சாயிற்று. அச்சிட்டவர்களோ, அவர் ஓயாமல் எதிர்த்து எழுதிவந்த லுத்தரன் சபையார்!

ஆனால் நம் போன்ற பங்குகளுக்கு முக்கியமான நூல் "வேதியர் ஒழுக்கம்". தேம்பாவணியைப் போற்றும் மேடைகளில் இதை யாரும் குறிப்பிடுவதில்லை. வேதியர் என்றால் உபதேசியார். குரு ஒருவரே பல ஊர்களுக்கு. அவர் வந்து போனால் மீண்டும் வர மாதங்கள் ஆகும். அதுவரை சிறுவருக்கு மந்திரம் கற்பிப்பதும், சாகும் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பதும், இறந்தவரை அடக்கம் செய்வதும், சண்டை தீர்ப்பதும் வேதியர் பொறுப்பு. அவர் எப்படி வாழ வேண்டும், எதைத் தியானிக்க வேண்டும் என்று அவருக்காகவே, அவருக்கு விளங்கும் எளிய வசன நடையில் முனிவர் எழுதினார். காவியம் பாடிய அதே கை!

முனிவர் 1747-ல் இறந்தார். 1773-ல் சேசு சபையே கலைக்கப்பட்டது. அச்சபைக் குருக்கள் மதுரை மிஷனுக்குத் திரும்பியது 1838-ல். இடைப்பட்ட அறுபத்தைந்து ஆண்டுகளில் குருக்கள் மிகச் சிலரே. பல ஊர்களில் ஞாயிறுதோறும் மக்களைக் கூட்டிச் செபமாலை சொல்லிவைத்தவர்கள், பெயர்கூட எழுதப்படாத அந்த வேதியர்கள்தான்.