காலி பாட்டில் திரும்பப் பெறும் திட்டம் (நீலகிரி)

மதுபாட்டிலுக்குக் கூடுதலாக 10 ரூபாய் வாங்கி, காலி பாட்டிலைக் கொடுத்ததும் திருப்பித் தரும் முறை. சென்னை உயர்நீதிமன்ற உத்தரவின்படி 2022 மே மாதம் நீலகிரி டாஸ்மாக் கடைகளில் தொடங்கி, பிற மாவட்டங்களுக்கும் பரவியது. காரணம், காட்டில் கிடக்கும் கண்ணாடிச் சில்லு யானையின் உள்ளங்காலில் ஏறினால் புண் சீழ்பிடிக்கும். பல மைல் நடந்து மேயும் விலங்குக்கு அது உயிராபத்து. கூடுதல் தொகை வாங்கிய பாட்டில் என்பதற்கு அதில் ஒட்டிய ஸ்டிக்கரே அடையாளம். ஜெர்மனியில் ஒருமுறை பயன்படும் பானக் கலன்கள் பலவற்றுக்கு 2003 முதல் இத்தகைய வைப்புத்தொகை கட்டாயம்.

எத்தனை பாட்டில் திரும்பியது என்று எண்ணுவது பாதி மதிப்பீடுதான். அவற்றைக் கழுவி மறுபடி நிரப்பினார்களா, உடைத்து உருக்கினார்களா என்பதே பெரிய கேள்வி. கண்ணாடி உருக ஏறத்தாழ 1,500 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். கழுவ வெந்நீரும் காரமும் போதும். காலி பாட்டில்களை வாங்கி அடுக்கும் கடைப் பணியாளரின் உழைப்பையும் இக்கணக்கில் சேர்ப்பதே நியாயம்.