வாய்க்காலைக் கடக்கும் கால்கள்

பாலம் என்றால் இரண்டு கரைகளை இணைப்பது என்று சொல்லிவிடுகிறோம். அந்தக் கரைகள் எப்படி உண்டாயின என்ற கேள்வி இந்தப் பதிலுக்குள் மறைந்துபோகிறது. நகரமைப்புச் சொல்லாடலில் இப்போது 'பசுமை நடைபாலம்' என்பது செல்வாக்கான கற்பனை. செடிகொடி, நிழல், உட்கார இடம்; வண்டிகளுக்கு அனுமதியில்லை; கடந்துபோகிற பாலமே ஊர் கூடும் இடமாகவும் ஆகவேண்டும். புதுச்சேரியில் பெரிய வாய்க்காலின் மேல் இப்படி ஒன்றை வரைவதானால், வாய்க்காலின் வரலாற்றைத் தெரிந்துகொண்டுதான் பென்சிலைத் தொடவேண்டும்.

இந்த ஊரின் நேர்கோட்டுத் தெருக்களைப் பிரெஞ்சு ரசனைக்குச் சான்றாகக் காட்டுவது வழக்கம். 1693 முதல் 1699 வரை ஊரைப் பிடித்து வைத்திருந்த ஒல்லாந்தர் போட்ட திட்டம் அது என்பதை ழான் தெலோஷ், ஒல்லாந்து வரைபடங்களைக் கொண்டே நிறுவியிருக்கிறார். அந்தக் கட்டங்களைப் பின்னர் வாய்க்கால் இரண்டாக வகுத்தது. கடலோரம் கிழக்கே வெள்ளையர் பட்டணம், மேற்கே கறுப்பர் பட்டணம். தெருப் பெயர்களைப் பாருங்கள். கிழக்கே துய்மா, சுஃப்ரேன் என்று கவர்னரும் கடற்படைத் தளபதியும். மேற்கே வைசியாள் வீதி, வெள்ளாளர் வீதி, கோமுட்டி வீதி. ஒரு பக்கம் ஆட்களின் பெயர், மறுபக்கம் சாதிகளின் பெயர். வெளி சும்மா கிடப்பதில்லை, உற்பத்தி செய்யப்படுகிறது என்று ஆன்றி லெஃபெவ்ர் 1974இல் வாதிட்டார். அதற்கு உதாரணம் தேடி நாம் தூரம் போகவேண்டியதில்லை.

இதெல்லாம் வெள்ளைக்காரன் போட்ட கோடு என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளவும் முடியாது. சம்பா கோயில் இருப்பது வாய்க்காலுக்கு மேற்கே. அங்கே தலித் கிறித்தவர்களைச் சாதிக் கிறித்தவர்களிடமிருந்து பிரித்து ஒரு சுவர் இருந்தது. 1745இல் அவர்கள் அதை எடுக்கச் சொல்லிக் கேட்டதையும் அதையொட்டி எழுந்த கலகத்தையும் ஆனந்தரங்கப் பிள்ளை தன் நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். ஆக, பாலம் கட்டி வாய்க்காலைத் தாண்டினாலும் அந்தப் பக்கம் இன்னொரு சுவர் நிற்கத்தான் செய்தது.

இதே ஊரில் 1873இல் வழக்கறிஞர் பொன்னுத்தம்பி பிள்ளை ஐரோப்பியச் சப்பாத்து போட்டுக்கொண்டு நீதிமன்றத்துக்குள் நடந்தார். அது குற்றமாயிற்று, தண்டனையும் கிடைத்தது. அவர் பாரிஸின் உச்ச நீதிமன்றம்வரை வழக்காடி ஜெயித்தார். 1881இல் பிரெஞ்சு அரசு ஓர் ஆணை போட்டது. சொந்தச் சமூகத்தின் வழக்கச் சட்டத்தைத் துறந்தால் பிரெஞ்சுச் சட்டத்தின்கீழ் வரலாம் என்றது அது. அவரும் துறந்தார், 'லப்போர்த்' என்று பெயர் வைத்துக்கொண்டார். வாசல் என்று பொருள். வாசல் திறந்தது மெய்தான். ஆனால் உள்ளே போக எதையோ வெளியே விடவேண்டியிருந்ததும் மெய். கடப்பதற்கு ஒரு கட்டணம் இருந்தது.

இன்றைய பசுமைப் பாலங்களிலும் அந்தக் கட்டணம் வேறு வடிவில் வருகிறது. நியூயார்க்கில் கைவிடப்பட்ட சரக்கு ரயில்பாதையைப் பூங்காவாக்கி 2009இல் திறந்தார்கள். சுற்றிலும் நிலமதிப்பும் வாடகையும் ஏறின. லண்டனில் தேம்ஸ் நதிமேல் தோட்டப் பாலம் கட்டப்போனார்கள். இரவில் மூடப்படும், வருஷத்தில் சில நாள் தனி நிகழ்ச்சிகளுக்காக அடைக்கப்படும் என்பதெல்லாம் அதன் திட்டத்திலேயே இருந்தது. சுமார் 5.3 கோடி பவுண்டு செலவழித்த பிறகு, 2017இல் அதைக் கைவிட்டார்கள். நமக்கு நெருக்கமான உதாரணம் சியோல். கான்கிரீட் போட்டு மூடிய ஓடையை 2005இல் மறுபடி திறந்து, கரையோரம் நடக்கவிட்டார்கள். ஆனால் அங்கே கடைபோட்டிருந்த நடைபாதை வியாபாரிகள் அப்புறப்படுத்தப்பட்டார்கள். நம் வாய்க்காலும் பிற்காலத்தில் சில இடங்களில் மூடப்பட்டு, வண்டி நிறுத்துமிடமானது. அதைத் திறந்து பசுமையாக்கும்போது யாரை அப்புறப்படுத்துவோம்?

உள்ளூர் மரபில் விடை இருக்கிறது, தாழ்வாரமும் திண்ணையும்தான் நம்முடைய பொதுவெளி என்பார்கள். வைசியாள் வீதியில் 2000க்குப் பிறகு புதுப்பித்த முகப்புகளில் அந்த அழகைப் பார்க்கலாம். தெருவில் போகிறவனுக்கு நிழல், களைத்தவனுக்கு இருக்கை. சரிதான். ஆனால் எந்தத் திண்ணையில் எவன் உட்காரலாம் என்ற கணக்கும் அதே மரபில்தானே இருந்தது? வடிவத்தை எடுத்துக்கொள்வோம், கணக்கை விட்டுவிடுவோம். குபேர் சாலையில் மாலை 6 மணியிலிருந்து மறுநாள் காலை 7.30 வரை வண்டிகளை நிறுத்துகிறார்கள். கடலோரச் சுவரில் உட்கார யாரும் யாரிடமும் அனுமதி கேட்பதில்லை. அங்கே கூட்டத்தைச் சேர்ப்பது அலங்காரமல்ல, தடை இல்லாததுதான்.

ஆம்பூர் சாலைக்கும் செஞ்சி சாலைக்கும் நடுவில் ஒரு நடைபாலம் போடுவதானால் அதற்குக் கதவு கூடாது, பூட்டு கூடாது. படிக்கட்டு மட்டும் போதாது. சக்கர நாற்காலிக்கும் தள்ளுவண்டிக்கும் சரிவு வேண்டும். அலங்காரத் தொட்டிகள் நிழல் தராது; பூவரசோ வேம்போ வேர்விட மண்ணாழம் வேண்டும். கீழே ஓடுவது சாக்கடையாகவே இருந்தால் மேலே வைக்கிற செடிகள் வெறும் திரைதான். பூக்கூடைக்காரிக்கும் சுண்டல்காரருக்கும் நிலையான இடத்தை வரைபடத்திலேயே குறிக்கவேண்டும். அப்புறம் பார்த்துக்கலாம் என்று விட்டால், திறப்புவிழா முடிந்த மறுநாள் லத்தியோடு ஒருத்தர் வந்து அவர்களைக் கிளப்பிவிடுவார். அன்றைக்கு அது பழைய வாய்க்காலாகிவிடும்.