மாடித் தண்ணீர் போன வழி

மழை வலுத்தால் இப்போதும் நான் குடையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய், மாடிக் குழாய் விழும் குழியை எட்டிப் பார்த்துவிட்டு வருவேன். வீட்டில் எல்லோரும் சிரிப்பார்கள். இந்தப் பழக்கத்துக்கு இரண்டு சட்டங்கள் காரணம்.

முதல் சட்டத்தை நான் பார்த்தது புதுச்சேரியில், பிரெஞ்சு வழியில் படித்த சிறுவனாக. எங்கள் ஓட்டு வீட்டின் கூரைத் தண்ணீர் பக்கத்து வீட்டுச் சுவரில் விழுந்துகொண்டிருந்தது. அங்கே இருந்தவர் ஒரு சொல்தா, பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர். ஒருநாள் சிவப்பு அட்டைப் புத்தகத்தோடு வந்து நின்றார். அப்பாவுக்குப் பிரெஞ்சு தெரியாது. "நீயே படிச்சுச் சொல்லுப்பா" என்று என்னிடம் நீட்டினார் சொல்தா.

அது 1804-இல் நெப்போலியன் காலத்தில் வந்த சிவில் சட்டம். 1819-இல் புதுச்சேரியிலும் நடைமுறைக்கு வந்தது. அதன் 681-ஆம் பிரிவு சொல்வது இவ்வளவுதான்: கூரையில் விழும் மழைநீர் வீட்டுக்காரரின் சொந்த நிலத்திலோ பொதுத் தெருவிலோ விழவேண்டும், அடுத்தவர் நிலத்தில் விழக்கூடாது. நான் தமிழில் சொல்லச் சொல்ல அப்பா முகம் சுருங்கியது. மறுவாரமே கூரை ஓரத்தில் தகரத்தை வாய்க்கால்போல் அடித்துத் தண்ணீரைத் தெருவுக்குத் திருப்பிவிட்டார்.

ஆங்கிலேயர் ஆண்ட பகுதிகளில் வேறு சட்டம். 1882-ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டப்படி, மேட்டு நிலத்தில் விழும் மழைநீர் இயல்பாகப் பள்ளத்துக்கு ஓடினால், கீழே இருப்பவர் அதை விட்டுத்தான் ஆகவேண்டும். ஆக, தண்ணீரை எப்படி வெளியே அனுப்புவது என்பதுதான் அன்றைய சட்டங்களின் கவலை.

பிறகு எனக்குத் தமிழக அரசில் எழுத்தர் வேலை கிடைத்தது. வேடசந்தூரில் வீடு கட்டினேன். குடகனாறு வருஷத்தில் பல மாதம் மணலாகக் கிடக்கும் ஊர் இது. போர் போடுகிறவர்கள் வருஷத்துக்கு வருஷம் ஆழம் போவார்கள். 2003 ஜூலையில் அவசரச் சட்டம் வந்தது. புதுக் கட்டடம் மட்டுமல்ல, பழைய வீடுகளும் மழைநீர் சேகரிப்பு அமைக்கவேண்டும். செய்யாவிட்டால் உள்ளாட்சியே அமைத்து, செலவைச் சொத்துவரியோடு வசூலிக்கலாம். குடிநீர் இணைப்பையும் துண்டிக்கலாம். அதுவரை வெளியே அனுப்பிய தண்ணீரை உள்ளேயே இறக்கு என்றது இந்தச் சட்டம். கணக்கும் சரியானதுதான். ஆயிரம் சதுர அடி மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் சுமார் 900 லிட்டர் தண்ணீர்.

நானும் அமைத்தேன். மாடியிலிருந்து நாலு அங்குலக் குழாய், கீழே ஒரு குழி, அதில் ஜல்லியும் மணலும். கெடுவுக்குள் முடித்துவிட்டோம் என்று நிம்மதியாக இருந்தேன். அதற்குப்பின் இரண்டு வருஷம் குழியை நான் திரும்பிப் பார்க்கவே இல்லை. வேப்பஞ்சருகும் மண்ணும் அடைத்துக்கொண்டன. 2005 ஐப்பசி அடைமழையில் ஓர் இரவு கதவைத் தட்டினார் பக்கத்து வீட்டு அம்மா. "ஐயா, உங்க மாடித் தண்ணி எங்க அடுப்படிக்குள்ள வந்துருச்சு."

அரிசிப் பானை நனைந்திருந்தது. அவர் எந்தச் சட்டப் புத்தகமும் கொண்டுவரவில்லை. ஆனால் சிறுவனாக நான் வாய்விட்டுப் படித்த அந்த வரிகள் அத்தனையும் என் காதில் கேட்டன. அன்று அப்பா முகம் சுருங்கியதுபோல என் முகமும் சுருங்கியிருக்கும். அரிசிக்குப் பதில் அரிசி கொடுத்தேன். குழியை அடுத்த நாளே தோண்டினேன்.

வேலையில் இருந்தவரை எத்தனையோ கோப்புகளில் 'நிறைவேற்றப்பட்டது' என்று எழுதியிருக்கிறேன். குழாய் போட்ட அன்றைக்கு அது உண்மை. பராமரிப்பு விஷயத்தில் அந்தச் சொல்லுக்கு ஆயுள் ஒரு மழைக்காலம்தான்.

ஆவணி முடிவதற்குள் உங்கள் மாடியைக் கூட்டி, குழியின் மேல்மணலை அள்ளிக் கழுவிப் போடுங்கள். அரை நாள் வேலை. அடுத்த வீட்டு அடுப்படியும் அதை நம்பித்தான் இருக்கிறது.