பெங்களூரில் ஹெவி மெட்டல் இசை

ஹெவி மெட்டல் என்பது 1960களின் இறுதியில் இங்கிலாந்தில் ராக் இசையிலிருந்து கிளைத்த இசை வகை. கரகரப்பேற்றிய மின்கிட்டார், அழுத்தமான பாஸ், ஓங்கி ஒலிக்கும் டிரம்ஸ், உச்சக் குரல் அல்லது உறுமல் ஆகியவை இதன் அடையாளங்கள். இந்தியாவில் இது மிக ஆழமாக வேரூன்றிய நகரம் பெங்களூரு. உலகப் புகழ்பெற்ற குழுக்கள் வந்து இசைத்ததால்தான் இவ்விசையில் இந்நகருக்குப் பெயர் கிடைத்தது என்ற எண்ணம் பரவலாக உள்ளது. ஆண்டு வரிசையில் பார்த்தால், உள்ளூர்க் குழுக்களும் ரசிகர்களும் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் உழைத்துப் பண்படுத்திய நிலத்துக்கே அவர்கள் வந்து சேர்ந்தார்கள்.

தோற்றம்

இங்கிலாந்தின் தொழில் நகரமான பர்மிங்காமைச் சேர்ந்த பிளாக் சாபத் குழுவின் முதல் ஆல்பம் 1970 பிப்ரவரி 13 அன்று வெளியானது. ஹெவி மெட்டலின் தொடக்கமாகப் பெரும்பாலோர் இதையே கொள்வர். குழுவின் கிட்டார் கலைஞர் டோனி அயோமி, பதினேழு வயதில் தகரப் பட்டறையில் வேலை செய்தபோது, வலக்கையின் இரு விரல் நுனிகளை இயந்திரத்தில் இழந்தார். இடக்கைப் பழக்கமுள்ளவர் என்பதால் தந்தியை அழுத்தும் கையே அடிபட்டது. பாத்திரம் கழுவும் திரவப் புட்டியின் பிளாஸ்டிக்கை உருக்கி விரலுக்கு உறை செய்து, அதன்மேல் பழைய தோல் சட்டையின் துண்டை ஒட்டி, மீண்டும் வாசிக்கத் தொடங்கினார். மெல்லிய தந்திகளைப் பயன்படுத்தினார். 1971 அளவில் சுருதியையும் இறக்கிக் கட்டினார். தந்தி தளர்ந்தது, விரலுக்கு வலி குறைந்தது, ஒலி கனத்தது. அந்தக் கனம் இன்றுவரை இவ்விசையின் உயிராக இருக்கிறது.

பெங்களூருக்கு வந்த வழி

ஒரு காலத்தில் பெங்களூரும் ஆலை நகரமே. பின்னி மில், ராஜா மில் போன்ற ஆலைகளை ஒட்டித் தொழிலாளர் குடியிருப்புகள் பெருகின. தமிழர் நிறைந்த ஸ்ரீராம்புரம் அவற்றுள் ஒன்று. ஆனால் பர்மிங்காமில் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் உருவாக்கிய இசை, இங்கே ஆங்கிலவழிக் கல்லூரி மாணவர்கள் மூலமாகவே வந்தது. கண்டோன்மென்ட் பகுதியில் மேற்கத்திய இசைக்கு முன்பிருந்தே இடம் இருந்தது. வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்த ஒரு கேசட், கைமாறிக் கைமாறிப் பல படிகளாகப் பெருகியது. பாட்டைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டுக் காதால் கேட்டே கிட்டார் கற்றுக்கொண்ட தலைமுறை அது.

முதல் குழுக்கள்

1988இல் தொடங்கிய மில்லேனியம், இந்தியாவின் முதல் ஹெவி மெட்டல் குழுக்களுள் ஒன்று. வெர்னான் இப்ராஹிம் அதன் பாடகர். 1990களின் தொடக்கத்தில் டையிங் எம்ப்ரேஸ் குழு, மெதுவாக ஊரும் டூம், உறுமும் டெத் மெட்டல் ஆகிய கிளைகளை இந்நகருக்குக் கொண்டுவந்தது. நோலன் லூயிஸ், கணேஷ் கிருஷ்ணசாமி இருவரும் 1998இல் கிரிப்டோஸ் குழுவைத் தொடங்கினர். இரட்டைக் கிட்டார்கள் இணைந்து பாடும் 1980களின் ஐரோப்பிய பாணியை உறுதியாகப் பற்றிக்கொண்ட குழு இது. முதல் ஆல்பமான ‘ஸ்பைரல் அசென்ட்’ 2004இல் வெளிவந்தது.

இவர்களுக்கு மேடை தந்தவை கல்லூரி விழாக்கள். தேசிய சட்டப் பள்ளியின் ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ் போட்டியும், சுதந்திர தினத்தை ஒட்டிக் கட்டணமின்றி நடந்த ஃப்ரீடம் ஜாம் நிகழ்ச்சியும் புதிய குழுக்களுக்கு வாசலாயின. ரெஸ்ட் ஹவுஸ் சாலையிலுள்ள பீக்கோஸ் போன்ற மதுக்கூடங்களில் ராக் இசையே நாள் முழுதும் ஒலித்தது. 1993இல் அமித் சைகல் தொடங்கிய ‘ராக் ஸ்ட்ரீட் ஜர்னல்’ இதழ், வெவ்வேறு ஊர்களில் தனித்தனியே இயங்கிய குழுக்களை ஒன்றையொன்று அறியச் செய்தது.

அரண்மனை மைதானம்

ஸ்ரீராம்புரத்துக்கு வடகிழக்கே சில கிலோமீட்டரில் உள்ளது அரண்மனை மைதானம். அரசு இதைக் கையகப்படுத்த 1996இல் சட்டம் இயற்றியதையடுத்து, மைசூர் அரச குடும்பத்துக்கும் அரசுக்கும் இடையே நெடுங்காலம் வழக்கு நடந்தது. நகரின் நடுவே இவ்வளவு பெரிய வெளி மிஞ்சியிருந்தது பெரும் நிகழ்ச்சிகளுக்கு வாய்ப்பானது.

2007 மார்ச் 17 அன்று அயர்ன் மெய்டன் இங்கே இசைத்தது. புகழின் உச்சியிலிருந்த ஒரு பெரும் ஹெவி மெட்டல் குழு இந்தியாவில் நடத்திய முதல் நிகழ்ச்சியாக இது கருதப்படுகிறது. கறுப்பு டி-ஷர்ட் அணிந்த ரசிகர்கள் பல மாநிலங்களிலிருந்து ரயிலேறி வந்தனர். முன்னதாக இசைத்த டெல்லிக் குழு பரிக்ரமா, அவ்வாண்டே இங்கிலாந்தின் டவுன்லோட் விழாவிலும் மேடையேறியது. வெளிநாட்டு அமைப்பாளர்களுக்கு இந்த இரவு ஒன்றைத் தெளிவாக்கியது: இந்தியாவில் இவ்விசையை வரி தவறாமல் பாடும் பெருங்கூட்டம் இருக்கிறது.

அதன்பின் வருகைகள் அணிவகுத்தன. 2008இல் மெகாடெத்தும் மெஷின் ஹெட்டும், 2009இல் மீண்டும் அயர்ன் மெய்டனும், 2010இல் லாம்ப் ஆஃப் காடும் வந்தன. 2011 அக்டோபர் 28 அன்று குருகிராமில் நடக்கவிருந்த மெட்டாலிகா நிகழ்ச்சி, பாதுகாப்புத் தடுப்பு நிலைகுலைந்ததால் ரத்தானது. ஆத்திரமடைந்தவர்கள் மேடையைச் சேதப்படுத்தினர். இரண்டு நாள் கழித்து, அக்டோபர் 30 அன்று, பெங்களூரில் மெட்டாலிகா திட்டமிட்டபடி இசைத்தது. அந்த மேடையில் பெங்களூரின் இன்னர் சாங்டமும் இடம்பெற்றது. 2012இல் ஸ்லேயர், நகரின் வடக்கே பாரதீய சிட்டியில் இசைத்தது.

வெளிநாட்டு மேடைகள்

எதிர்த்திசைப் பயணமும் நடந்தது. கிரிப்டோஸ் 2010இல் ஐரோப்பாவில் சுற்றுப்பயணம் மேற்கொண்டது; 2013இல் ஜெர்மனியின் வாக்கன் விழாவில் இசைத்தது. வாக்கன், ஒரு சிற்றூரில் ஆண்டுதோறும் கூடும் மெட்டல் திருவிழா. உலகெங்கிலுமிருந்து பல்லாயிரக்கணக்கானோர் வருவார்கள். அந்த விழாவின் துணையோடு 2012இல் தொடங்கப்பட்ட பெங்களூரு ஓப்பன் ஏர், உள்ளூர்க் குழுக்களையும் அயல்நாட்டுக் குழுக்களையும் ஒரே மேடையில் நிறுத்தியது. உள்ளூர்க் குழுக்களுள் பெவார் சீ, பிளாக் சாபத்தின் வழிவந்த மந்தமான, கனத்த பாணியில் பெயர் பெற்றது.

தமிழர் பங்கு

இவ்விசையில் தமிழரின் குறிப்பிடத்தக்க முயற்சி பெங்களூருக்கு வெளியே, சிங்கப்பூரில் உருவானது. 1992இல் தொடங்கிய ருத்ரா குழு, அத்வைத வேதாந்தக் கருத்துகளையும் சமஸ்கிருத மந்திர ஓதலையும் டெத் மெட்டலோடு இணைத்து, ‘வேத மெட்டல்’ என்ற தனிவழியை அமைத்தது. பாடகரும் பாஸ் கலைஞருமான கதிர் அதன் முதன்மை ஆளுமை. இங்கிலாந்தில் பிறந்த வடிவத்தில் தம் மரபின் கேள்விகளை எழுப்ப முடியும் என்று இக்குழு நிறுவியது.

மதிப்பீடு

பெங்களூருக் குழுக்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே பாடுகின்றன; கன்னடத்திலும் தமிழிலும் இவ்விசைக்கு இன்னும் திறக்கப்படாத பரப்பு உண்டு. பெரிய நிறுவன ஆதரவோ திரைத்துறை வருவாயோ இல்லாத நிலையில், கிரிப்டோஸ் 2016 முதல் ஜெர்மனியின் ஏஎஃப்எம் நிறுவனம் மூலம் ஆல்பங்களை வெளியிட்டுவருகிறது. அவற்றுள் ‘டெசிமேட்டர்’ 2024இல் வந்தது. இந்தியச் சுயாதீன இசையின் வரலாற்றை எழுதுவோர் பெரிய மேடைகளின் தேதிகளோடு நின்றுவிடக் கூடாது. வேலைக்குப் போய்க்கொண்டே பல ஆண்டுகள் ஒத்திகை பார்த்து, கைக்காசு போட்டுப் பதிவு செய்த குழுக்களே இந்நகரின் மெட்டலை நிலைநிறுத்தின. அவற்றின் முதல் கேசட்டுகளும் நிகழ்ச்சித் துண்டறிக்கைகளும் ஆவணக் காப்பகங்களில் இடம்பெற வேண்டியவை.