வளரிளம் பருவத்தினரின் மனநலமும் பாதுகாப்பும்

10 முதல் 19 வயது வரையிலான காலத்தை வளரிளம் பருவம் என்று உலக சுகாதார நிறுவனம் வரையறுக்கிறது. உலக அளவில் இவ்வயதினரில் ஏழு பேரில் ஒருவருக்கு ஏதேனும் ஒரு மனநலக் கோளாறு இருப்பதாக அந்நிறுவனம் கணிக்கிறது. 2015-16இல் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் தேசிய மனநல ஆய்வை நடத்தியது. அதில் 13 முதல் 17 வயதினரில் 7.3 விழுக்காட்டினருக்கு மனநலக் கோளாறு காணப்பட்டது. மனச்சோர்வும் பதற்றக் கோளாறுகளும் இப்பருவத்தில் பரவலானவை. இவை குணக்கேடோ சோம்பலோ அல்ல. சிகிச்சைக்குக் கட்டுப்படும் நோய்கள்.

மூளையில் உணர்ச்சி சார்ந்த பகுதிகள் முதலில் முதிர்கின்றன. திட்டமிடுதல், பொறுத்திருத்தல், விளைவை எடைபோடுதல் ஆகியவற்றுக்கான மூளையின் முன்புறணிப் பகுதி இருபதுகளின் நடுவில்தான் முழு வளர்ச்சி அடைகிறது. அதனால் ஒரு வசைச்சொல்லோ மதிப்பெண்ணோ பெரியவருக்குத் தோன்றுவதைவிடப் பல மடங்கு பெரிதாக இவர்களுக்குத் தோன்றுகிறது. உறக்கம் வரும் நேரமும் இவ்வயதில் இயல்பாகவே பின்னுக்குத் தள்ளிப்போகிறது. 13 முதல் 18 வயதினருக்கு எட்டு முதல் பத்து மணிநேரத் தூக்கம் தேவை. விடியற்காலை டியூஷனும் இரவுச் சிறப்பு வகுப்பும் அதில் ஒரு பகுதியைத் தின்றுவிடுகின்றன. பொதுத்தேர்வு ஆண்டில் பிள்ளைகள் எரிந்து விழுவதற்குத் தூக்கமின்மையும் ஒரு காரணம் என்பதைப் பல வீடுகள் கணக்கில் எடுப்பதில்லை.

வேலூர் காட்டிய உண்மை

இத்துறையில் தமிழ்நாட்டிலிருந்து வந்த மிக முக்கியமான சான்று, வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் 2004இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்ட ஆய்வு. கணியம்பாடி வட்டாரத்தில் 1992 முதல் 2001 வரை நேர்ந்த இளவயது இறப்புகளை, வீடுவீடாகச் சென்று குடும்பத்தாரிடம் விசாரித்து, அவர்கள் பதிவு செய்திருந்தனர். 10 முதல் 19 வயதுப் பெண்களில் லட்சத்துக்கு 148 பேரும் ஆண்களில் 58 பேரும் ஆண்டுதோறும் தற்கொலையால் இறந்திருந்தனர். அவ்வயதுப் பெண்களின் இறப்புகளில் பாதிக்கும் மேல் தற்கொலைகள். ஆண்களைவிடப் பெண்கள் இப்படிக் கூடுதலாக இறப்பது உலகின் பெரும்பாலான நாடுகளில் காணப்படாத நிலை.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022இல் இந்தியாவில் 13,044 மாணவர்கள் தற்கொலையால் உயிரிழந்தனர். தேர்வு முடிவு வெளியாகும் வாரத்தில் மட்டும் இச்செய்தி நாளிதழ்களின் முதல் பக்கத்துக்கு வருகிறது. ஆனால் 18 வயதுக்குட்பட்டோர் மரணங்களுக்குக் காப்பகம் பதிவு செய்யும் காரணங்களில் முதலிடம் தேர்வுத் தோல்விக்கு அல்ல, குடும்பச் சிக்கல்களுக்கே. ஒரு மரணத்தை ஒற்றைக் காரணத்தில் அடைப்பதும் சரியாகாது. மனச்சோர்வு, வீட்டுச் சண்டை, அவமானம், கைக்கெட்டும் தூரத்தில் ஆபத்தான பொருள் என்று பலவும் ஒரே நேரத்தில் கூடும்போதுதான் உயிர் போகிறது. அவற்றில் ஒன்றை விலக்கினாலும் ஓர் உயிர் தங்கக்கூடும்.

இதற்கு இலங்கையே சான்று. 1990களின் நடுவில் உலகிலேயே மிக உயர்ந்த தற்கொலை விகிதம் கொண்ட நாடுகளில் ஒன்றாக அது இருந்தது. கொடிய நச்சுத்தன்மை கொண்ட பூச்சிக்கொல்லிகளை அரசு படிப்படியாகத் தடை செய்தபின், அடுத்த இருபது ஆண்டுகளில் விகிதம் ஏறத்தாழ 70 விழுக்காடு குறைந்தது. வயலில் விளைச்சல் அதனால் விழுந்துவிடவில்லை. வீட்டளவிலும் இதே பாடம் பொருந்தும்: மாத்திரைகளையும் வேளாண் மருந்துகளையும் பூட்டி வைப்பது சந்தேகப்படுவதாகாது. இளவயதினரின் தற்கொலை எண்ணம் பெரும்பாலும் திடீரென எழுந்து தணிவது. அந்தச் சில மணிநேரத்தைக் கடக்க உதவுவதே உயிரைக் காப்பது.

பள்ளியில் பலன் தந்தவை

தேர்வில் தோற்றவர் ஓராண்டை இழக்காமல் சில வாரங்களிலேயே மீண்டும் எழுதும் துணைத் தேர்வு முறை தமிழ்நாட்டில் நடைமுறையில் உள்ளது. 2017இல் பொதுத்தேர்வு முதலிடப் பட்டியல் அறிவிப்பும் கைவிடப்பட்டது. இவ்விரண்டும் எந்த அறிவுரைக் கூட்டத்தைவிடவும் அதிகப் பயன் தந்திருக்கும் என்பது இக்கட்டுரையின் கருத்து. நொந்துபோன பிள்ளையைத் திடப்படுத்துவது ஒருபுறமிருக்க, நோகடிக்கும் ஏற்பாட்டையே இவை மாற்றின.

பிகாரின் நாளந்தா மாவட்டத்தில் 74 அரசுப் பள்ளிகளில் நடந்த ‘சேஹர்’ (SEHER) என்னும் ஆய்வின் முடிவும் கவனத்துக்குரியது. பள்ளிச் சூழலை மேம்படுத்தும் ஒரே திட்டம் சில பள்ளிகளில் ஆசிரியர்களிடமும், சில பள்ளிகளில் பயிற்சி பெற்ற வெளி ஆலோசகர்களிடமும் ஒப்படைக்கப்பட்டது. ஆலோசகர்கள் நடத்திய பள்ளிகளில் மனச்சோர்வும் கேலியும் வன்முறையும் குறைந்தன. ஆசிரியர்கள் நடத்திய இடங்களில் குறிப்பிடத்தக்க மாற்றமில்லை. ஆசிரியர்களின் அக்கறையைக் குறை சொல்ல இது போதாது. ஆனால் மதிப்பெண் போடும் கையிடமே மனக்குறையைச் சொல்வது பிள்ளைக்கு எளிதல்ல.

நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் உள்ள கல்வி நிறுவனங்கள் தகுதி பெற்ற ஓர் ஆலோசகரையாவது நியமிக்க வேண்டும் என 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் வழிகாட்டுதல் வெளியிட்டது. கணக்கு ஆசிரியருக்கே ஆலோசகர் பட்டம் சூட்டிப் பதிவேட்டை நிரப்பினால் அதன் நோக்கம் வீணாகும்.

அறிகுறியும் பேச்சும்

இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் சோகம் அல்லது எரிச்சல், தூக்கமும் பசியும் மாறுதல், நண்பர்களை விட்டு விலகுதல், உடலில் தானே ஏற்படுத்திய காயம், பிடித்த பொருள்களை எடுத்துக் கொடுத்துவிடுதல், ‘நான் இல்லேன்னா எல்லாருக்கும் நிம்மதி’ என்பது போன்ற பேச்சு ஆகியவை பெரியவர் உடனே கவனிக்க வேண்டியவை. சிறுவர்களிடம் மனச்சோர்வு அழுகையாக அன்றிக் கோபமாக வெளிப்படுவது உண்டு. ‘கொழுப்பு’ என்று வீடு பெயர் வைத்துவிடுவதால் அது கண்டுபிடிக்கப்படாமலே போகிறது.

தற்கொலை பற்றிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை விதைத்துவிடுவோமோ என்ற அச்சம் பரவலானது. ஆய்வுகள் அதை ஆதரிக்கவில்லை. ‘செத்துடலாம்னு தோணுதாப்பா?’ என்று அமைதியாக, நேராகக் கேட்கலாம். பதில் வந்ததும் தீர்வு சொல்ல விரையாமல் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். ‘உனக்கு என்ன குறை வச்சோம்’ என்ற சொல் அந்தக் கதவைச் சாத்திவிடும். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுக்கக்கூடாது. உயிருக்கு ஆபத்தென்றால் உதவிக்கு ஆள் அழைப்பேன் என்று முன்பே சொல்லிவிடுவது நேர்மை. ஆபத்து உடனடியானது என்று தோன்றினால் பிள்ளையைத் தனியே விடாமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

இணையமும் சட்டமும்

கைப்பேசியைப் பிடுங்கிவிடுவார்கள் என்ற பயத்தால் மிரட்டலுக்கு ஆளான பிள்ளைகள் வாய் திறப்பதில்லை. அந்தரங்கப் படத்தைக் காட்டி மிரட்டுபவர்கள் நம்பியிருப்பது அந்த மௌனத்தையே. பணம் கொடுக்காமலும், உரையாடலை அழிக்காமலும் உடனே புகார் செய்ய வேண்டும். 18 வயதுக்குட்பட்டோரின் படங்கள் பரவாமல் தடுக்க டேக் இட் டவுன் என்னும் இலவசச் சேவை 2023 முதல் இயங்குகிறது. படம் கைப்பேசியை விட்டு வெளியே செல்லாமல், அதன் எண்ணடையாளம் (hash) மட்டும் இணைய நிறுவனங்களுக்கு அனுப்பப்படும்.

2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, குழந்தைமீதான பாலியல் குற்றம் பற்றி அறிந்தவர் காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம். குடும்ப மானம் விலக்குக்குக் காரணமாகாது. தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும் என 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் கூறுகிறது. ஆகவே வழக்குக்குப் பயந்து பிள்ளையை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லாமல் இருக்கத் தேவையில்லை.

தமிழில் பேசக்கூடிய உதவி எண்கள்: மத்திய அரசின் டெலி-மானஸ் 14416 (24 மணிநேரமும்), தமிழ்நாடு அரசின் மருத்துவ உதவி எண் 104, குழந்தைகள் உதவி எண் 1098. சென்னையில் 1986இல் தொடங்கப்பட்ட சினேகா அமைப்பின் எண் 044-24640050. இலங்கையில் மனநல உதவிக்கு 1926, சிறுவர் பாதுகாப்புக்கு 1929. இந்த எண்களைப் பிள்ளைகளின் கைப்பேசியில் இன்றே பதிந்து வையுங்கள்.