பலகை அடிக்க உத்தரவு, பலகை அடிக்கத் தடை

கடையை அடித்து நொறுக்கிவிட்டுக் கூட்டம் போய்விட்டால் மறுநாள் காலையில் நடக்கிற முதல் வேலை பலகை அடிப்பதுதான். உடைந்த கண்ணாடியைக் கூட்டி அள்ளுகிறார்கள். முகப்பு எவ்வளவு அகலமோ அவ்வளவுக்குப் பலகையை அறுத்து, சட்டத்தோடு சேர்த்து ஆணி அறைகிறார்கள். மழை உள்ளே வராது, திருடன் நுழைய மாட்டான், மிச்சம் மீதிச் சரக்கு தப்பும். தச்சுவேலை தெரிந்த ஆள் இருந்தால் அரைநாள் வேலை. வரலாறு எழுதுகிறவர்கள் இதை ஒரு பொருட்டாக எடுப்பதில்லை. எரித்தவனைப் பற்றி எழுதுவார்கள், செத்தவர்களை எண்ணுவார்கள், மறுநாள் ஆணி அடித்தவனை விட்டுவிடுவார்கள். ஆனால் அரசு யார் பக்கம் நிற்கிறது என்பது அந்த மறுநாள் வேலையில்தான் பச்சையாகத் தெரிகிறது. பலகைக்குக் காசு யார் கொடுப்பது, யார் சொல்லி அடிப்பது, அடிக்க விடுவார்களா மாட்டார்களா என்று கேட்டுக்கொண்டே இரண்டு நாடுகளின் கதையைப் பார்க்கலாம். ஒரு நாட்டில் அடிபட்டவனையே சொந்தச் செலவில் சரிசெய்யச் சொல்லிச் சட்டம் போட்டார்கள். இன்னொன்றில் பலகையை வைத்து ஒரு குச்சுகூடக் கட்டக்கூடாது என்று சட்டம் போட்டார்கள்.

காலக்கணக்கில் அமெரிக்காவின் டல்சா நகரம் முந்தியது, 1921. ஜெர்மனி பிந்தியது, 1938. இருந்தாலும் ஜெர்மனியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். ஏனென்றால் அங்கே ஆளுங்கூட்டம் உட்கார்ந்து பேசியதைச் சுருக்கெழுத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தக் காகிதம் பிறகு நூரம்பர்க் விசாரணையில் சாட்சியமாக வந்தது. நம்மூர் அதிகாரிகள் இப்படி எழுத்தில் மாட்டிக்கொள்வதில்லை.

1938 அக்டோபர் கடைசியில் போலந்துக் குடியுரிமை வைத்திருந்த யூதர்களை ஆயிரக்கணக்கில் ஜெர்மனி எல்லைக்கு வெளியே தள்ளியது. அப்படித் தள்ளப்பட்ட ஒரு குடும்பத்தின் 17 வயதுப் பையன் ஹெர்ஷெல் க்ரின்ஸ்பான் பாரிஸில் இருந்தான். நவம்பர் 7ஆம் தேதி அங்கிருந்த ஜெர்மன் தூதரகத்துக்குள் போய் எர்ன்ஸ்ட் ஃபோம் ராத் என்ற அதிகாரியைச் சுட்டான். 9ஆம் தேதி அவர் செத்தார். அன்றிரவு மியூனிக்கில் கட்சிக்காரர்கள் கூடியிருந்த இடத்தில் கோயபல்ஸ் பேசினார். என்ன செய்ய வேண்டும் என்பது கேட்டவர்களுக்குப் புரிந்துவிட்டது. விடிவதற்குள் நாடு முழுக்க யூதர்களின் ஜெபக்கூடங்கள் எரிந்தன, கடைகள் உடைந்தன. உடைந்த கடைகள் 7,500 என்பது காவல்துறைத் தலைவன் ஹைட்ரிக்கே சொன்ன கணக்கு. கொல்லப்பட்டவர்கள் 91 பேர் என்பது அரசாங்கக் கணக்கு. உண்மை அதைவிட மிக அதிகம். சுமார் 30,000 ஆண்களைப் பிடித்து டாகாவ், புகன்வால்ட், சாக்சன்ஹவுசன் முகாம்களில் அடைத்தார்கள்.

மக்கள் தாமாகக் கொதித்தெழுந்தார்கள் என்றது அரசு. ஆனால் நடுராத்திரி 1.20க்கு ஹைட்ரிக் அனுப்பிய தந்தி இருக்கிறது. அக்கம்பக்கத்து ஜெர்மானியர் சொத்துக்கு ஆபத்து இல்லாத இடத்தில்தான் ஜெபக்கூடத்துக்குத் தீ வைக்க வேண்டும். யூதர் கடையை, வீட்டை உடைக்கலாம், கொள்ளையடிக்கக் கூடாது. கடைத்தெருவில் யூதரல்லாதவர் கடைகளுக்குச் சேதம் வராமல் பாதுகாப்புக் கொடுக்க வேண்டும். இப்படி அளந்து கொதிக்கிற கொதிப்பு எங்கேயாவது உண்டா? ஊர்த்தெருவை விட்டுவிட்டுச் சேரிக்கூரையை மட்டும் பார்த்துப் பிடிக்கிற நெருப்பைக் கண்டவர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

மறுநாள் தெருவெல்லாம் கண்ணாடி. ஆண்கள் முகாமுக்குப் போய்விட்டார்கள். பல கடைகளில் பெண்களும் வயசானவர்களும்தான் குனிந்து அள்ளினார்கள். அந்த நாட்களின் புகைப்படங்கள் இருக்கின்றன. ஓட்டை முகப்பு, அதற்குக் குறுக்கே பலகை, அதைத் தாண்டி நடந்து போகிற ஜனம். சிலர் சிரித்துக்கொண்டு போகிறார்கள்.

நவம்பர் 12ஆம் தேதி பெர்லினில் விமானத்துறை அமைச்சகத்தில் கோயரிங் கூட்டம் போட்டார். நாட்டின் பொருளாதாரம் அவர் கையில் இருந்தது. மனுசர் ஆத்திரமாக வந்திருந்தார். ஆத்திரம் எதற்கு என்று பார்த்தால், ஜெபக்கூடம் எரிந்ததற்கு அல்ல, ஆள் செத்ததற்கு அல்ல. சரக்கும் கண்ணாடியும் நாசமாகிவிட்டதே என்றுதான். இவ்வளவு மதிப்புள்ள பொருளை அழித்ததற்குப் பதில் இருநூறு யூதர்களைக் கொன்றிருக்கலாமே என்று அவர் சொன்னது குறிப்பில் அப்படியே பதிவாகியிருக்கிறது.

இன்சூரன்ஸ் கம்பெனிகளின் சார்பில் ஹில்கார்ட் என்பவரைக் கூப்பிட்டிருந்தார்கள். அவர் சொன்ன விவரம் கூட்டத்தைத் திகைக்க வைத்தது. உடைந்த கண்ணாடி மட்டும் 60 லட்சம் மார்க். அந்தப் பெரிய முகப்புக் கண்ணாடி ஜெர்மனியில் செய்கிற சரக்கு அல்ல, பெல்ஜியத்திலிருந்து வர வேண்டும், அந்நியச் செலாவணி கொடுத்துத்தான் வாங்க வேண்டும். பெல்ஜியத்தின் ஓராண்டு உற்பத்தியில் பாதியளவு தேவைப்படும் என்றார். இன்னொன்றும் சொன்னார். கடைக்காரன் யூதன், ஆனால் கட்டடம் பல இடங்களில் ஜெர்மானியனுடையது. ஆகவே கண்ணாடிக்கு இன்சூரன்ஸ் கட்டியிருந்தவர்களில் பெரும்பகுதி ஜெர்மானிய வீட்டுக்காரர்கள். யூதனை அடித்ததாக நினைத்து இவர்கள் உடைத்தது தங்கள் ஆளின் சன்னலை!

ஹில்கார்டும் நியாயவான் அல்ல. கம்பெனிகள் பணத்தைக் கொடுத்தே தீர வேண்டும், கொடுக்காவிட்டால் வெளிநாட்டில் ஜெர்மன் இன்சூரன்ஸ் பெயர் கெட்டுவிடும் என்பதுதான் அவர் கவலை. இதற்கு வழி சொன்னது ஹைட்ரிக். கொடுக்கட்டும், கொடுத்த கையோடு அரசு பறிமுதல் செய்துகொள்ளும், முகமும் கெடாது என்றான். அதுதான் சட்டமாயிற்று.

அன்றைக்கே கோயரிங் கையெழுத்தில் அரசாணைகள் வந்தன. ஜெர்மன் குடியுரிமை உள்ள யூதர்கள் எல்லாரும் சேர்ந்து 100 கோடி மார்க் தண்டம் கட்ட வேண்டும் என்றது ஒன்று. 1939 சனவரி 1 முதல் யூதர்கள் சில்லறைக் கடை நடத்தக்கூடாது, கைத்தொழிலைச் சொந்தமாகச் செய்யக்கூடாது என்றது இன்னொன்று. மூன்றாவதுதான் நம் விஷயம். அதன் தலைப்பைத் தமிழில் சொன்னால், 'யூதர் வணிக இடங்களில் தெருத் தோற்றத்தைச் சீராக்கும் ஆணை'. மூன்று நாளில் நேர்ந்த சேதம் அத்தனையையும் யூதக் கடைக்காரரும் வீட்டுக்காரரும் உடனே சரிசெய்ய வேண்டும். செலவு அவர்கள் தலையில். அவர்களுக்கு வர வேண்டிய இன்சூரன்ஸ் பணம் அரசுக்கு.

இந்த ஆணையில் யார் உடைத்தார்கள் என்று எங்கும் இல்லை. சர்வதேச யூதர்களின் தூண்டுதலால் மக்கள் கொண்ட ஆத்திரத்தில் வந்த சேதம் என்று எழுதியிருக்கிறார்கள். சேதமானது மனுசர்கள் அல்ல, அவர்கள் பிழைப்பும் அல்ல, தெருவின் தோற்றம். கலவரம் முடிந்த ஊர்களுக்கு உண்மை அறியும் குழுவோடு போனவர்களுக்கு இந்த மொழி பழக்கமானது. இங்கே இதற்கு 'இயல்பு நிலை திரும்பியது' என்று பெயர். கடைத்தெருவில் ஷட்டர் திறந்துவிட்டது, பஸ் ஓடுகிறது, ஆகவே இயல்பு. சேரியில் கீற்று எரிந்து சுவர் மட்டும் நிற்கிற வீட்டுக்கு முன்னால் வி.ஏ.ஓ. நோட்டை வைத்துக்கொண்டு பட்டா இருக்கா, ரேஷன் கார்டு இருக்கா என்று கேட்டுக்கொண்டிருப்பார். கார்டுதான் எரிஞ்சு போச்சே என்றால், சர்ட்டிபிகேட் இல்லாம எப்பிடிம்மா எழுதறது என்பார். யாருடைய இயல்பு, யாருடைய தெரு என்பதுதான் கேள்வி.

பலகை என்பது தற்காலிகம். புதுக் கண்ணாடி வருகிற வரைக்கும் தாங்கினால் போதும். ஆனால் பெர்லினில் நவம்பரில் பலகை அடித்த யூதக் கடைக்காரனுக்குப் புதுக் கண்ணாடி எதற்கு? ஏழு வாரத்தில் கடையே இருக்காது. நவம்பர் 23ஆம் தேதி வந்த விதிகள் யூதர்களின் சில்லறைக் கடைகளைக் கலைத்துவிடச் சொல்லின. டிசம்பர் 3ஆம் தேதி ஆணை, இருக்கிற தொழிலைக் கட்டாயமாக விற்கவைக்க அதிகாரம் கொடுத்தது. அதாவது அடுத்து வரப்போகிற முதலாளிக்குக் கடையை நனையாமல் காத்துக் கொடுக்கும் காவல்வேலையை, பறிகொடுக்கப் போகிறவனே தன் காசில் செய்ய வேண்டியிருந்தது. 100 கோடித் தண்டத்தைச் சொத்துவரியாக வசூலித்தார்கள். 5,000 மார்க்குக்கு மேல் சொத்து உள்ளவர்கள் 20 சதவீதத்தை நான்கு தவணையில் கட்ட வேண்டும். அது போதவில்லை என்று 1939இல் ஐந்தாவது தவணை போட்டு 25 சதவீதம் ஆக்கினார்கள்.

அந்த இரவைப் 'பளிங்கு இரவு' என்றுதான் உலகம் வெகுகாலம் சொல்லிவந்தது. கண்ணாடிதான் பெயரில் நிற்கிறது, பிணங்கள் நிற்கவில்லை. இப்போது ஜெர்மனியிலேயே பலர் அந்தப் பெயரை விட்டு 'நவம்பர் படுகொலை' என்கிற பொருளில் சொல்கிறார்கள். வெண்மணியை 'கூலித் தகராறு' என்று எழுதின பத்திரிகைகளைப் படித்த நமக்குப் பெயரில் என்ன இருக்கிறது என்று தெரியும்.

இனி டல்சா. ஜெர்மன் யூதர்களில் பலர் நகரத்துக் கடைத்தெருவில் கடை வைத்திருந்தவர்கள். நம்மாட்களுக்குக் கடைத்தெருவில் கடையே அபூர்வம். அந்த வித்தியாசத்தை மறைத்துவிட்டு 'எல்லாம் ஒண்ணுதான்' என்று பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை. டல்சா கறுப்பர்கள் கதை நமக்குக் கொஞ்சம் பக்கத்தில் வருகிறது. ஓக்லஹாமா மாநிலத்தில் எண்ணெய் எடுத்துக் கொழுத்த ஊர் அது. வெள்ளையர் கடைகளில் கறுப்பர்களுக்கு மரியாதை கிடையாது, குடியிருப்பும் தனி. ரயில் பாதைக்கு வடக்கே கிரீன்வுட் என்ற பகுதியில் அவர்கள் தங்களுக்கென்று ஓட்டல், தியேட்டர், பத்திரிகை, மருந்துக்கடை, வக்கீல் ஆபீஸ் எல்லாம் வைத்தார்கள். ஒதுக்கப்பட்ட இடத்தில் தன் கையை நம்பி எழுந்த தெரு.

1921 மே 30ஆம் தேதி டிக் ரோலண்ட் என்ற ஷூ பாலிஷ் போடும் கறுப்பு இளைஞன் லிஃப்டில் ஒரு வெள்ளைப் பெண்ணிடம் தப்பாக நடந்தான் என்று புரளி. 31ஆம் தேதி இரவு கோர்ட் முன்னால் வெள்ளைக் கும்பல் திரண்டது. அவனைக் கொன்றுவிடுவார்களோ என்று காப்பாற்றக் கறுப்பர்கள் துப்பாக்கியோடு போனார்கள். சூன் 1 விடிந்ததும் கும்பல் கிரீன்வுட்டுக்குள் நுழைந்தது. 35 தெருக்கட்டங்கள் சாம்பல். செஞ்சிலுவைச் சங்கக் கணக்குப்படி எரிந்த வீடுகள் 1,256. சாவு எண்ணிக்கை இன்றுவரை முடிவாகவில்லை, 300 வரை இருக்கலாம் என்கிறார்கள். உயிர் பிழைத்த கறுப்பர்களை ஆயிரக்கணக்கில் அடைத்து வைத்து, வெள்ளை முதலாளி வந்து 'என் ஆள்தான்' என்று சொன்னால் விட்டார்கள்.

இங்கே முகப்பை மூடப் பலகை தேவைப்படவில்லை, முகப்பே இல்லை. பலகை வேண்டியிருந்தது மறுபடி நிற்பதற்கு. சூன் 7ஆம் தேதி, சாம்பல் சூடு ஆறுவதற்குள், நகர நிர்வாகம் தீத்தடுப்பு விதி ஒன்றைப் போட்டது. எரிந்த பகுதியில் இனி தீப்பிடிக்காத பொருளால்தான் கட்ட வேண்டும், குறைந்தது இரண்டு மாடி இருக்க வேண்டும். எல்லாம் இழந்து கூடாரத்தில் கிடக்கிறவனிடம் செங்கல்லில் மாடி கட்டு என்றால் என்ன அர்த்தம்? நிலத்தை விட்டுப் போ என்று அர்த்தம். அந்த இடத்தைத் தொழிற்சாலைக்கும் ரயில் நிலையத்துக்கும் எடுத்துக்கொண்டு கறுப்பர்களை இன்னும் வடக்கே தள்ளுவதுதான் நகரத்துப் பெரியமனிதர்களின் திட்டம். தீ வைத்தவர்கள் தீத்தடுப்பு பேசினார்கள்!

பி.சி. ஃபிராங்க்ளின் என்ற கறுப்பு வக்கீல் தன் ஆபீஸ் எரிந்துபோனதால் கூடாரத்தில் மேசை போட்டு உட்கார்ந்தார். அந்தப் படம் இருக்கிறது. முன்னால் டைப்ரைட்டர், பக்கத்தில் கூட்டாளி ஸ்பியர்ஸ். விதி கிடக்கட்டும், கையில் கிடைத்ததை வைத்துக் கட்ட ஆரம்பியுங்கள் என்று மக்களிடம் சொன்னார்கள். மக்களும் கட்டினார்கள். வழக்குப் போட்டு 1921 செப்டம்பரில் அந்த விதிக்கு நீதிமன்றத் தடையும் வாங்கினார்கள். மரப்பலகையில் குச்சுக் கட்டுவதற்கு ஒரு மக்கள் கூட்டம் கோர்ட்டுக்குப் போய் ஜெயிக்க வேண்டியிருந்தது. அப்படியும் அந்தக் குளிர்காலத்தைப் பல குடும்பங்கள் கூடாரத்துணிக்குள்தான் கழித்தன.

பணம் வந்ததா என்று கேட்டால், இல்லை. நகரத்திடம் கேட்ட நஷ்டஈடு 18 லட்சம் டாலருக்கு மேல். அநேகமாக எல்லாவற்றையும் தள்ளிவிட்டார்கள். கொடுத்தது தன் கடையிலிருந்து துப்பாக்கி போய்விட்டது என்று முறையிட்ட ஒரு வெள்ளைக்காரனுக்கு. இன்சூரன்ஸ் கம்பெனிகளின் பத்திரத்தில், கலகத்தால் வந்த சேதத்துக்குப் பொறுப்பில்லை என்று ஒரு வரி இருந்தது. கிரீன்வுட்டில் தியேட்டரும் ஓட்டலும் வைத்திருந்த ரெட்ஃபெர்ன் என்ற வெள்ளைக்காரர் வழக்குப் போட்டார். 1926இல் மாநில உச்சநீதிமன்றம் நடந்தது கலகம்தான் என்று சொல்லிக் கைவிரித்தது. 'கலகம்' என்று ஒரு சொல்லை வைத்துவிட்டால் எரித்தவனும் எரிந்தவனும் சமமாகிவிடுகிறார்கள். இதனால்தான் அங்கே உள்ளவர்கள் இப்போது அதைக் கலகம் என்று சொல்வதை நிறுத்தி, படுகொலை என்கிறார்கள்.

பலகையில் தொடங்கினவர்கள் செங்கல்லுக்கு வந்தார்கள். 1925இல் நாடு தழுவிய கறுப்பு வணிகர் சங்கம் தன் ஆண்டு மாநாட்டை டல்சாவில்தான் நடத்தியது. பிற்பாடு நகரச் சீரமைப்பு என்ற பெயரில் கிரீன்வுட்டைக் கிழித்துக்கொண்டு நெடுஞ்சாலை வந்தது, அது தனிக்கதை. நூறு வயசைத் தாண்டிய இரண்டு மூதாட்டிகள், அன்றைக்குக் குழந்தைகளாக இருந்து தப்பியவர்கள், நஷ்டஈடு கேட்டு நடத்திய வழக்கு 2024 சூனில் ஓக்லஹாமா உச்சநீதிமன்றத்தில் தள்ளுபடியானது. அவர்கள் குறை நியாயமானதுதான், ஆனால் வழக்குத் தொடுத்த சட்டப்பிரிவுக்குள் அது அடங்காது என்று நீதிபதிகள் எழுதினார்கள்.